வயல் நத்தையும் பழந்தின்னி வௌவாலும்: ஓர் ஒப்பீட்டுப் பாடம்



இம்முறை நமது பாடத்துக்கு இரண்டு உயிர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வயலிலும் வாய்க்காலிலும் கிடக்கும் நத்தை. மற்றது, இருட்டியதும் மாமரத்துக்கும் கொய்யாவுக்கும் வந்து, விடியுமுன் போய்விடும் பழந்தின்னி வௌவால். ஒன்று சேற்றில் ஊர்வது. மற்றது வானத்தில் பறப்பது. ஒன்றுக்கு எலும்பே இல்லை. மற்றதற்கு நம்மைப் போல் முதுகெலும்பும் விரல்களும் உண்டு. இவ்விரண்டையும் ஏன் ஒரே பாடத்தில் வைக்கிறோம் என்று கேட்பீர்கள்.

மருதமுனையில் நடந்த ஒரு விவசாய வகுப்பிலும் இதே கேள்வி எழுந்தது. “பாதர், இது ரெண்டையும் நாங்க கொல்றதுக்குத்தான் பார்க்கிறோம். அது ஒண்டுதான் ரெண்டுக்கும் உள்ள சம்பந்தம்” என்றார் ஒரு காக்கா. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாடம் தொடங்கவேண்டிய இடத்தை அவர் சரியாகவே சொல்லிவிட்டார். போரினாலும், 2004 டிசெம்பர் 26 சுனாமியினாலும் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்துக் காணிக்குத் திரும்பிய குடும்பங்கள் முதலில் செய்வது துப்புரவாக்கல். பற்றை வெட்டுவார்கள், வாய்க்கால் தோண்டுவார்கள், பெரிய மரங்களைத் தறிப்பார்கள். நட்ட நாற்றை நத்தை தின்கிறது, பழுத்த பழத்தை வௌவால் தின்கிறது என்ற குற்றச்சாட்டும் அதோடு வரும். இரண்டுக்கும் ஒரே தண்டனையாக நஞ்சையோ தடியையோ கையில் எடுக்கிறோம். அது சரிதானா என்பதை இவ்விரு உயிர்களின் வாழ்க்கையைப் பார்த்தபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நத்தையின் உடல்

நத்தை மெல்லுடலி வகையைச் சேர்ந்தது. நமது வயல்களில் பல இன நத்தைகள் உண்டு. எலுமிச்சம்பழ அளவுக்கு வளரும் உருண்டையான பெரிய நத்தையைத்தான் நாம் வழக்கமாகக் காண்கிறோம். அதன் வாயில் கடினமான ஒரு மூடி இருக்கும். இதைவிடச் சிறியனவும் உண்டு. தட்டையாகச் சுருண்ட ஒன்று. மெல்லிய ஓடும் கூரிய முனையும் உடைய இன்னொன்று. இவ்விரு சிறிய நத்தைகளுக்கும் மூடி கிடையாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோய்களைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

பெரிய நத்தைக்கு மூச்சுவிட இரண்டு வழிகள் உண்டு. உடலின் ஒரு பக்கத்தில் மீனுக்கு இருப்பது போன்ற பூ, மறுபக்கத்தில் காற்றை வாங்கும் நுரையீரல் போன்ற பை. தண்ணீர் நன்றாக இருந்தால் பூவினால் மூச்சுவிடும். தண்ணீர் அழுகிப்போனால் அல்லது வற்றினால், குழாய் போன்ற ஒரு தசையை மேலே நீட்டிக் காற்றைக் குடிக்கும். பெரும்போகத்தில் வெள்ளம் நிற்பதும் சிறுபோகம் முடிந்தபின் நிலம் வெடிப்பதுமான நமது வயலுக்கு இதைவிடப் பொருத்தமான உடல் வேறில்லை.

அதன் இரத்தம் சிவப்பல்ல. நமது இரத்தத்தில் காற்றைச் சுமப்பது இரும்பு கலந்த பொருள். நத்தையின் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது செம்பு கலந்த பொருள். அதனால் அது வெளிர் நீலமாகத் தெரியும். ஆயினும் செம்பு உப்பான மயில்துத்தத்தைத் தண்ணீரில் கலந்தால் நத்தை செத்துவிடும். உள்ளே அளவோடு இருக்கும்போது உயிர் தருவது, வெளியிலிருந்து அளவுக்கு மிஞ்சி வரும்போது உயிரை எடுக்கிறது. அதே மயில்துத்தம் வயலிலுள்ள மீனையும் தவளையையும் கொல்லும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நத்தையின் நாக்கு ஓர் அரம். அதில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள் இருக்கின்றன. பாசியையும் அழுகிய இலையையும் அதனால் சுரண்டித் தின்னும். இளம் நாற்றையும் விட்டுவைக்காது. எனினும் நமது நாட்டு நத்தை பெரும்பாலும் பாசியிலும் கழிவிலும் வாழ்வது. அது வயலின் துப்புரவுத் தொழிலாளி. வெள்ளாமையை அழிக்கும் நத்தை வேறோர் இனம். அதைப் பின்னர் பார்ப்போம்.

ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நத்தை தன் வீட்டைச் சுமந்துகொண்டு போகிறது என்கிறோம். அந்த வகுப்பிலிருந்த ஒரு மூத்த உம்மா இதைக் கேட்டதும், “அது கெட்டித்தனமானதுதான் பாதர். நாங்க ஓடக்குள்ள காணி உறுதியைக்கூட எடுக்கல்ல” என்றார். உண்மையில் ஓடு வீடல்ல. அது நத்தையின் உடலோடு ஒட்டி வளர்ந்த உறுப்பு. தண்ணீரிலும் உணவிலுமுள்ள சுண்ணாம்பைக் கொண்டு நத்தையே அதைக் கட்டுகிறது. ஓட்டைக் கழற்றிவிட்டு நத்தை எங்கும் போகமுடியாது. வீட்டை விட்டு ஓடி உயிர் தப்புவது நம்மால் முடிந்தது, நத்தையால் முடியாதது. (உறுதி தொலைத்தவர்கள், அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால், அங்கே விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். இது பாடத்துக்கு வெளியே என்றாலும் சொல்லாமல் விடமுடியவில்லை.)

வௌவாலின் உடல்

வௌவால் பறவையல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் முலையூட்டி. விவிலியத்தில் லேவியர் நூல் வௌவாலைப் பறவைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அக்காலத்து மக்கள் சிறகை வைத்து இனம் பிரித்தார்கள். இன்றைய விஞ்ஞானம் பாலை வைத்துப் பிரிக்கிறது. இரண்டும் அவரவர் தேவைக்கு ஏற்ற பட்டியல்கள்.

இலங்கையில் நான்கு இனப் பழந்தின்னி வௌவால்கள் உண்டு. அவற்றுள் ஆகப் பெரியது, பெரிய மரங்களில் கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும் இனம். பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் அவை தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். சிறகை விரித்தால் நாலடிக்கு மேல் வரும். நிறை ஒரு கிலோ அளவில் இருக்கும். முகம் நரியைப் போன்றது.

அதன் சிறகு உண்மையில் ஒரு கை. நமது கையிலுள்ள ஐந்து விரல்களும் அதற்கும் உண்டு. நான்கு விரல்கள் குடைக்கம்பிபோல் நீண்டு, அவற்றுக்கிடையே மெல்லிய தோல் விரிந்திருக்கிறது. பெருவிரல் மட்டும் கொக்கிபோல் வெளியே நிற்கும். மரத்தில் ஊர்வதற்கும் பழத்தைப் பிடிப்பதற்கும் அது உதவும்.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். இது தவறு. இந்தப் பெரிய வௌவாலுக்கு இரவிலும் நன்றாகக் கண் தெரியும். மூக்கும் கூர்மையானது. பழுத்த மணத்தைத் தேடித்தான் வருகிறது. ஒலியெழுப்பி அதன் எதிரொலியைக் கேட்டு வழி அறிவது, கூரையிலும் பாழ்மண்டபத்திலும் வாழும் சிறிய வௌவால்கள். அவை பூச்சிகளைத் தின்பவை, வெள்ளாமைக்கு நண்பர்கள். பழந்தின்னிமீதுள்ள கோபத்தில் அவற்றை அடிப்பது நமக்கே நட்டம்.

பழத்தை வௌவால் எப்படித் தின்கிறது என்பதைக் கவனியுங்கள். சதையைக் கடித்து, வாயின் மேலண்ணத்தில் வைத்து நசுக்கி, சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். மரத்தடியில் காலையில் கிடக்கும் காய்ந்த உருண்டைகள் இவைதான். அத்தி, ஆல், கொய்யா போன்றவற்றின் சிறு விதைகள் சாற்றோடு வயிற்றுக்குள் போய், அரை மணிநேரம் அளவில் எச்சத்தோடு வெளியே வந்துவிடும். வௌவால் பறந்துகொண்டே எச்சமிடும். ஓர் இரவில் பல கிலோமீற்றர் தூரம் பறக்கும். ஆகவே விதை வெட்டவெளியிலும் விழுகிறது. புன்னை, கொட்டாங்காய், இலுப்பை போன்ற பெரிய விதைப் பழங்களை வாயில் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய், அங்கே தின்றுவிட்டு விதையைக் கீழே போடும். இலுப்பைப் பூவையும் இலவம்பூவையும் தேடிவந்து மகரந்தம் சேர்ப்பதும் இதன் வேலை. சுனாமிக்குப் பின் கரையோரத்தில் மரம் வளர்க்கவேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். புன்னையையும் கொட்டாங்காயையும் கூலியில்லாமல் நட்டுக்கொண்டிருந்தவனை யாரும் அந்தக் கூட்டங்களுக்கு அழைக்கவில்லை.

பெருகும் கணக்கு

இனி இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஆகப் பெரிய வேறுபாட்டுக்கு வருவோம். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

பெரிய வயல் நத்தையில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் நத்தை தண்ணீருக்கு அருகே ஈரமண்ணில் குழிதோண்டி வெள்ளை முட்டைகளைக் குவியலாக இடும். ஒரு முறைக்கு 200 முதல் 800 வரை முட்டைகள். மூடியில்லாத சிறிய நத்தைகளின் கதை இன்னும் வேறு. ஒரே நத்தையில் ஆணும் பெண்ணும் இருக்கின்றன. துணை கிடைக்காவிட்டால் தனியாகவே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க அதனால் முடியும். ஒரு கங்குன் தண்டில் ஒட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று புதிய குளத்துக்குப் போனாலும் போதும், அங்கே ஒரு குடியேற்றம் தொடங்கிவிடும்.

பெரிய பழந்தின்னி வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டி போடும். இரட்டை பிறப்பது அரிது. ஏறத்தாழ ஐந்து மாதம் சுமந்து பெறும். பிறந்த குட்டியை முதல் சில வாரங்கள் தாய் தன் மார்பில் சுமந்தபடியே இரை தேடப் பறக்கும். குட்டி தானாகப் பறக்க மூன்று மாதம் அளவில் ஆகும். நல்ல பாதுகாப்பில் 30 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. குறைவாகப் பெற்று, நெடுநாள் வளர்த்து, நெடுங்காலம் வாழ்வது அதன் முறை.

கணக்குக்காக ஒரு கூட்டத்தை வைத்துக்கொள்வோம். ஒரு மரத்தில் 200 வௌவால்கள். பாதி பெண். அவற்றில் 80 குட்டி போடுகின்றன. பாதிக் குட்டிகள் பிழைத்து வளர்ந்தால் 40. அதே ஆண்டில் மூப்பினாலும் நோயினாலும் 20 இறந்தால் கூட்டம் கூடியது 20. இப்பொழுது யாரோ ஒருவர் ஒரு மாம்பழக் காலத்தில் 60 வௌவால்களைக் கொல்கிறார். மூன்று ஆண்டுகளின் பெருக்கம் ஒரே பருவத்தில் போய்விடுகிறது. கொல்லப்பட்டவற்றில் தாய்கள் இருந்தால் குட்டிகளும் பட்டினியில் சாகும். நத்தையிலோ 100இல் 90ஐக் கொன்றாலும், மிஞ்சிய பத்தும் அடுத்த போகத்துக்குள் வயலை நிரப்பிவிடும்.

ஆகவே நஞ்சு போட்டு நத்தையை ஒழிப்பது முடியாத காரியம். வௌவாலை ஒழிப்பதோ மிக எளிது. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஊர்வதைக் காலால் மிதித்து அழித்துவிடலாம் என்றும், பறப்பது எத்தனை அடித்தாலும் குறையாது என்றும் நினைக்கிறோம்.

வரட்சியும் வெயிலும் உப்பும்

வயல் வற்றும்போது பெரிய நத்தை சேற்றுக்குள் இறங்கி, மூடியை இறுக்கிக்கொண்டு, உணவில்லாமல் மாதக்கணக்கில் உறங்கும். முதல் மழைக்கு வெளியே வரும். செத்த ஓடு என்று நினைத்துக் கையில் எடுத்தது தண்ணீரில் போட்டதும் நகரத் தொடங்குவதைச் சிறுவர்கள் கண்டிருப்பார்கள்.

வௌவாலுக்கு இந்த வித்தை தெரியாது. அதற்குத் தினமும் உணவு வேண்டும். வெயில் கடுமையானால் சிறகால் விசிறிக்கொள்ளும், சிறகை நக்கி ஈரமாக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2014 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பகுதியில் வெயில் 42 பாகையைத் தாண்டியபோது, இதே குடும்பத்தைச் சேர்ந்த வௌவால்கள் 45,000க்கு மேல் மரத்திலிருந்து விழுந்து இறந்தன. நீர்க்கரையிலுள்ள உயர்ந்த, நிழல் அடர்ந்த மரங்களைத்தான் அவை விரும்பித் தங்கும். ஆற்றோரத்து மருத மரம் அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. மருதமுனை என்ற பெயருக்குள்ளேயே மருதம் இருக்கிறது. அது மரத்தையும் குறிக்கும், வயல் நிலத்தையும் குறிக்கும். வௌவாலுக்கும் நத்தைக்கும் அந்தப் பெயரில் இடமிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

உப்பு விடயத்தில் நத்தை தோற்றுவிடும். நன்னீர் நத்தைக்கு உப்புத் தண்ணீர் நஞ்சு. சுனாமி இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறித்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலும் கடல்நீர் வீடுகளோடு கிணறுகளையும் குட்டைகளையும் கெடுத்தது. இத்தகைய இடத்தில் உயிருள்ள நன்னீர் நத்தைகள் மீண்டும் காணப்படுவது, மழை உப்பைக் கழுவிக் குறைத்திருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல அடையாளம். ஆனால் குடிநீர்க் கிணற்றுக்கு இந்த அடையாளம் போதாது. அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் சோதிக்கவேண்டும்.

நோய்கள்: பயமும் பாதுகாப்பும்

நத்தையினால் வரும் கேடு முக்கியமாக மாட்டுக்கு. ஈரல் தட்டைப்புழு உள்ள மாட்டின் சாணத்தில் புழுவின் முட்டைகள் இருக்கும். சாணம் தண்ணீரில் விழுந்தால் முட்டை பொரித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு நீந்திப்போய் மெல்லிய ஓட்டுச் சிறு நத்தைக்குள் நுழையும். அங்கே ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகி வெளியே வந்து, நீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். மாடு அந்தப் புல்லைத் தின்றதும் வட்டம் முழுமையடைகிறது. மாடு மெலியும், பால் குறையும், தாடையின் கீழ் வீக்கம் வரும். மருந்து மிருக வைத்தியரிடம் உண்டு. அதைவிட முக்கியம் வட்டத்தை அறுப்பது. வாய்க்கால் கரையில் மாட்டைக் கட்டாதீர்கள். தொட்டியில் தண்ணீர் வையுங்கள். சாணத்தைக் குவித்து மக்கவிட்டபின் வயலுக்குப் போடுங்கள்.

வயலில் இறங்கியவர்களுக்குக் காலில் சிவந்த பருக்களும் கடுமையான சொறியும் வருவதுண்டு. பல நேரங்களில் இதற்குக் காரணம் தட்டைச் சுருள் நத்தையிலிருந்து வெளிவரும் மாட்டுப் புழுவின் குஞ்சுகள். மாடு என்று நினைத்து நமது தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துவிடும். சொறி சில நாட்களில் ஆறும். வேலை முடிந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் அழுத்தித் துடைப்பது உதவும். ஆனால் சொறியோடு காய்ச்சலும் உடல் நோவும் இருந்தால் அது நத்தையின் வேலையல்ல. எலிக்காய்ச்சலாக இருக்கலாம், தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போங்கள். தண்ணீரில் வளரும் கங்குனைப் பச்சையாக உண்ணாமல் நன்றாக வேகவைத்து உண்பதும், நத்தையோடு விளையாடிய பிள்ளைகளைச் சவர்க்காரத்தால் கைகழுவச் செய்வதும் போதுமான காவல்.

வௌவாலினால் வரும் கேடு அரிது, வந்தால் பெரிது. 1998–1999இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளுக்கு மேலே மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்த பழங்கள் கீழே விழ, பன்றிகள் தின்றன. பன்றிகளிடமிருந்து மனிதருக்கு நிபா என்ற நோய் பரவி, 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் இதே நோயால் 17 பேர் இறந்தனர். பங்களாதேசத்தில் ஈச்சமரத்தில் கட்டிய முட்டியில் வௌவால் வாய்வைத்ததால், பச்சையாகக் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. அங்கே முட்டியையும் பாளையையும் மூங்கில் தட்டியால் மூடினார்கள். வௌவால் நெருங்கவில்லை. யாரும் மரத்தை வெட்டவேண்டியிருக்கவில்லை.

நமது நாட்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2015இல் கன்னொறுவைப் பகுதியில் இந்தப் பெரிய வௌவாலில் விசர்நாய்க்கடி நோய்க்கு நெருங்கிய உறவான ஒரு வைரசு கண்டறியப்பட்டது. எனவே கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொடக்கூடாது. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வௌவால் கொத்திய பழத்தை, வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தின்னலாம் என்று எண்ணாமல் முழுவதையும் புதைத்துவிடுங்கள். முட்டு வருத்தத்துக்கு வௌவால் இறைச்சி நல்லது என்று சில இடங்களில் சொல்வார்கள். இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பிடிப்பதிலும் உரிப்பதிலும்தான் ஆபத்து அதிகம். முஸ்லிம் குடும்பங்களில் அது உணவே அல்ல என்பதால் இந்தத் தொல்லை அவர்களுக்கு இல்லை.

பிற நாடுகள் கற்றது

இரண்டு நாடுகளின் அனுபவம் நமக்குப் போதும்.

தென்னமெரிக்காவைச் சேர்ந்த தங்க நத்தையை 1980களில் உணவுக்காகப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வளர்த்து விற்றால் ஏழை விவசாயிக்கு வருமானம் என்றார்கள். சந்தையில் அது விலைபோகவில்லை. கைவிடப்பட்ட நத்தைகள் வாய்க்காலில் இறங்கி நெல் வயல்களை மேய்ந்தன. இளம் நாற்றை ஒரே இரவில் காலியாக்கும் இனம் அது. நல்ல எண்ணத்தோடு கொண்டுவரப்பட்ட அபிவிருத்தித் திட்டம் எப்படிச் சாபமாகும் என்பதற்கு, என்னைப் போன்ற அபிவிருத்திப் பணியாளர்கள் சுவரில் எழுதிவைக்கவேண்டிய உதாரணம் இது. அங்குள்ள விவசாயிகள் நஞ்சிலும் பெருஞ்செலவு செய்து பார்த்தார்கள். நிலைத்துப் பயன் தந்தவை வேறு: மூன்று வாரத்துக்கு மேல் வளர்ந்த நாற்றை நடுவது, நட்டபின் தண்ணீரை வடித்து ஆழமில்லாமல் வைத்திருப்பது, தண்ணீர் வரும் வழியில் வலைத் தட்டி வைப்பது, காலையில் கையால் பொறுக்குவது, அறுவடை முடிந்ததும் வாத்துகளை இறக்கிவிடுவது.

தங்க நத்தையின் ஓர் உறவு மீன்தொட்டி வியாபாரத்தோடு இலங்கை நீர்நிலைகளுக்கும் வந்துவிட்டது. அடையாளம் சுலபம். நமது நத்தை வெள்ளை முட்டையை மண்குழியில் இடும். தங்க நத்தையோ தண்ணீருக்கு மேலே, நெல் தண்டிலும் கட்டிலும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தாக ஒட்டிவைக்கும். அப்படி எதையாவது கண்டால் நசுக்கிவிட்டு விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். மீன்தொட்டியைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். நமது நத்தைக்குப் பஞ்சமில்லாத ஒரு காவலாளியும் இருக்கிறான். நடுவில் இடைவெளி உள்ள அலகுடைய நத்தைகுத்தி நாரை ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுத்துத் தின்னும். வயலுக்கு நஞ்சடித்தால் முதலில் போவது அந்த நாரைதான்.

மற்ற நாடு மொரீசியஸ். தமிழரும் பல தலைமுறையாக வாழும் தீவு. அங்கே லீச்சியையும் மாம்பழத்தையும் வௌவால் தின்கிறது என்று தோட்டக்காரர்கள் முறையிட்டதால், அரசாங்கம் 2015இலும் 2016இலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வௌவால்களைச் சுட்டது. விளைச்சல் கூடவில்லை. பழநட்டத்துக்குக் காற்று, பறவை, அளவுக்கு மிஞ்சிப் பழுக்கவிடுதல் எனப் பல காரணங்கள் உண்டு. அந்தத் தீவைவிட்டால் வேறெங்கும் பெருங்கூட்டமாக இல்லாத அவ்வினம், 2018இல் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது.

இதற்கு மாறாகத் தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுப்பெரும்பாக்கம் போன்ற சில கிராமங்களில், ஆலமரத்தில் தங்கும் வௌவால்கள் கலையக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. பிள்ளைகளும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மரத்தில்

மாம்பழத்தைச் சந்தைக்கு அனுப்புபவர் முற்றிய காயாகவே பறிக்கிறார். வௌவாலுக்கு வேண்டியது பழுத்தது. ஆகவே காலத்தோடு பறிப்பதே முதற் காவல். வீட்டுத் தேவைக்காக மரத்தில் பழுக்கவிடும் குலைகளைக் கடதாசிப் பையாலோ பழைய சாக்காலோ மூடிக் கட்டுங்கள். வலை போடுவதானால் விரல் நுழையாத சிறு கண் வலையை இழுத்து, தொய்வில்லாமல் கட்டுங்கள். தளர்ந்த மீன்வலையில் சிக்கும் வௌவால் சாகும். அதை விடுவிக்கப் போகிறவருக்குக் கடியும் கிடைக்கும். தகரம் தட்டுவதும் விளக்கு வைப்பதும் நாலைந்து நாளுக்குத்தான் பயன்படும்.

திரும்பிவந்து காணி துப்புரவாக்கும்போது, வௌவால் தங்கும் பெரிய மரம் ஒன்று வளவிலோ மையவாடியிலோ கோயில் காணியிலோ நின்றால், அதைத் தறிப்பதற்கு முன் ஊரில் கூடிப் பேசுங்கள். எச்சத்தின் நாற்றமும் இரவுச் சத்தமும் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தைக் கலைத்தால் அது அடுத்த வளவுக்கு மாறும். அதற்கு இடமில்லாவிட்டால் மின்கம்பிக்குப் போகும். குறைந்தபட்சம் தாய்கள் குட்டியைச் சுமந்திருக்கும் மாதங்களிலாவது கைவைக்காதீர்கள்.

அடுத்த வகுப்புக்கு வருமுன் இரண்டு வேலைகள். காலைத் தொழுகையோ வீட்டு வேலையோ முடிந்தபின், வௌவால் வந்துபோகும் ஒரு மரத்தடியில் வெள்ளைச் சாக்கு ஒன்றை மூன்று நாள் விரித்துவையுங்கள். விழுந்த விதைகளைப் பொறுக்கிக் கழுவி, ஒரு தகரப் பேணியில் போட்டுக் கொண்டுவாருங்கள். எத்தனை வகை என்று சேர்ந்து எண்ணுவோம். பிள்ளைகள் வாய்க்கால் கரையில் முட்டைகளைத் தேடி, அவை என்ன நிறம், மண்ணிலா தண்டிலா என்று கொப்பியில் எழுதிவரட்டும். எழுதியபின் கையைக் கழுவ மறக்கவேண்டாம்.